வந்தவர்கள் போகவில்லை

மதியம் இரண்டே காலுக்கு வந்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை என்பதைச் சுகாசினி மூன்று மணிக்குத்தான் கவனித்தாள்.

'கச்சிச் சேதி' என்ற அந்த இணையதளத்தில் இந்த நொடியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அவளுடைய கணினித் திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் காட்டிக்கொண்டே இருக்கும். வாலாஜாபாத் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்க ஒருவர் வருவார், பார்த்ததும் போய்விடுவார். நாளைக்கு எந்தத் தெருவில் மின்தடை என்று பார்க்க நாலு பேர் வருவார்கள். இருபது, பதினேழு, இருபத்திரண்டு என்று அந்த எண் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த நாளில் மட்டும் மூவாயிரத்தைத் தொட்டு, அரை மணி நேரத்தில் சந்தை கலைந்த மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்கு அது அறுநூற்று நாற்பதில் நின்றது. பிறகு அறுநூற்று நாற்பத்தொன்று. அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது எழுநூறு. ஏறியது, நின்றது, ஏறியது. ஒரு தடவைகூட இறங்கவில்லை.

சின்னக் காஞ்சிபுரத்தில், வரதராஜர் கோயில் மதிலை ஒட்டி வளைந்து போகும் ஒரு சந்தில், சரிகைக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அலுவலகம். இரண்டு மேசை, ஓர் இன்வெர்ட்டர், சந்துப் பக்கம் பார்த்த ஒரே ஜன்னல். எதிர்வீடுகளில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து அந்தச் சத்தம் சுவர் வழியாக ஏறிவந்து நாற்காலிக் காலில் லேசாக அதிரும். ஐயம்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து நாலு வருடமாக அங்கே உட்கார்கிறவளுக்கு அது காதில் விழுவதே இல்லை. மழை வரப்போகிற ஆவணி மாதத்துப் புழுக்கம். தறிப் பாவு நூலுக்குத் தெளித்த கஞ்சியின் புளித்த வாடை தெருவிலிருந்து மேலே வந்து அறையில் தங்கியிருந்தது. மின்விசிறி அதை வெளியே தள்ளாமல் சுற்றிச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

எந்தப் பக்கத்தில் இத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்க அவள் அந்தக் கட்டத்தை விரித்தாள். பட்டியலில் ஒரே ஒரு வரி இருந்தது. எல்லாரும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள். தலைப்பைப் படித்தாள்.

'காஞ்சியில் குழந்தை கடத்தும் பெண்? அதிர்ச்சிப் படம் உள்ளே.'

அந்தப் பக்கத்தை எழுதியது அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு, பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் பேச்சு பரவியபோது ஒரு வாசகர் படம் அனுப்பினார். பஸ் நிழற்குடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கலாம். மஞ்சள் புடவை, மடியில் ஒரு பை, படம் எடுக்கிறவரைப் பார்த்துக் கொஞ்சமாகச் சிரித்த முகம். சுகாசினி நேரில் போய் விசாரித்து எழுதினாள். எங்கிருந்தோ ரயிலேறி வழிதவறி வந்தவர், யாருக்கும் தீங்கு செய்யாதவர், வதந்தியை நம்பாதீர்கள், முடிந்தால் ஒரு வேளை சாப்பாடு கொடுங்கள். எழுதிப் போட்டுவிட்டு அவள் சாப்பிடப் போயிருந்த முக்கால் மணி நேரத்தில் முதலாளி ராமராஜன் தலைப்பை மாற்றிவிட்டார். கேள்விக்குறி போட்டிருக்கிறேன், கேஸெல்லாம் வராது என்றார். உள்ளே இருந்ததை யாரும் படிக்கவில்லை. படத்தையும் தலைப்பையும் மட்டும் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பாலாற்றுக்கு அந்தப்பக்கம் ஓர் ஊரில் கூட்டம் சேர்ந்து அடித்ததில் அந்தப் பெண்மணி செத்துப்போனார். அடித்தவர்களைவிடப் படம் பிடித்தவர்கள் அதிகம். பெயர் யாருக்கும் தெரியவில்லை. பதினொரு நாள் சவக்கிடங்கில் வைத்திருந்து, தேடி யாரும் வராததால் புதைத்தார்கள்.

அந்தச் சாவையும் ராமராஜன் செய்தியாகப் போட்டார். அதற்கும் விளம்பரம் ஓடியது.

விசாரணைக்கு வந்த எஸ்.ஐ. தலைப்பை யார் வைத்தது என்று கேட்டபோது சுகாசினி தரையைப் பார்த்துக்கொண்டு தெரியாது என்றாள். வேலையை அன்றே விட்டிருக்கலாம். விடவில்லை. அதற்கு அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள் எல்லாமே நியாயமானவை. அதனாலேயே அவற்றை நினைத்தால் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அதற்குப் பிறகு ராமராஜன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு படியேறும் சத்தம், சாப்பிட்டுவிட்டு விடும் ஏப்பம், போனில் யாரிடமோ சிரிக்கும் சிரிப்பு எல்லாம் அவள் பல்லுக்கு இடையில் மணல்போல அரைபட்டன. இரண்டு வருடமாக அவள் அதை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கத்தைச் சாவு நடந்த அன்றைக்கே அழித்தாயிற்று. அவள் கையாலேயே, மீட்க முடியாதபடி அழித்தாள். இப்போது அது திறந்தது. தலைப்பு. படம். கீழே, எழுதியவர்: சுகாசினி தேவசகாயம்.

ராமராஜன் மூன்றேகாலுக்கு வந்தார். முன்பு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தியவர். ஜனம் எதற்காக உள்ளே வரும் என்பது தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைக்கிறவர். அப்போது எண் இரண்டாயிரத்து நூறு. கையைத் தட்டினார். எந்தப் பக்கம் என்று குனிந்து பார்த்தார். ஒரு நொடி அவர் முகம் வெளிறியது. பயந்துவிட்டார், இப்போது நிறுத்தச் சொல்லுவார் என்று அவள் நம்பினாள். அவர் தன் மேசைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பக்கத்தில் இன்னும் மூன்று விளம்பரங்களுக்கு இடம் ஒதுக்கினார்.

உடனே விளம்பரங்கள் வந்து உட்கார்ந்தன. எதை எங்கே போடுவது என்று தீர்மானிப்பவர்கள் மனிதர்கள் இல்லை. செத்துப்போனவரின் தலைக்கு மேலே ஒரு வளையல் கடை மின்னியது. காலுக்குக் கீழே கைக்குழந்தைகளுக்கான பால்பவுடர்.

சுகாசினி சென்னையில் இருந்த ஜெபகுமாரைக் கூப்பிட்டாள். தளத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்கிற பையன். ராமராஜனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். ஜெபகுமார் பதறவில்லை. திடீரென்று கூட்டம் வந்தால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொன்னான். முதலில் அந்தப் பக்கத்தில் விளம்பரத்தை எடுத்துவிட வேண்டும். இது நாம் வரவழைத்த கூட்டம் இல்லை என்று விளம்பரக் கம்பெனிக்கு நாமே முந்திக்கொண்டு எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் காசுக்காகப் பொய்க் கூட்டம் சேர்த்தோம் என்று சொல்லிக் கணக்கையே மூடிவிடுவார்கள். வருகிறவர்கள் மனிதர்களா இயந்திரமா என்று வாசலில் கேட்டுச் சலிக்க ஒரு வடிகட்டி போடலாம். சர்வர் தாங்குமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ராமராஜன் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. வருகிற லட்சுமியை வாசலில் நிறுத்தி அடையாள அட்டை கேட்பார்களா என்றார். வடிகட்டியை மட்டும் போடச் சொன்னார், அதுவும் கம்பெனிக்குக் காட்டுவதற்காக.

ஜெபகுமார் போட்டான். சில நிமிடம் அந்தப்பக்கம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா," என்றான் குரலைத் தாழ்த்தி. "இது மெஷின் இல்லக்கா. மெஷின்னா வந்து தட்டிட்டு ஓடிக்கினே இருக்கும். இவங்க பக்கத்த உருட்டி கீழ வந்து போட்டோகிட்ட நிக்கிறாங்க. அத்தினி பேரும். ஒருத்தர்கூட நகரல."

எந்த ஊர்க்காரர்கள் என்று அவள் கேட்டாள். வழக்கமாகச் சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் என்று நீளும் பட்டியல் அது.

"உங்க ஊருதான். வேற ஊரே இல்ல. எல்லாம் ஒரே டவர்ல இருந்து வருது." மறுபடி எதையோ தட்டிப் பார்த்தான். "நீங்க எதுக்கும் வூட்டுக்குக் கெளம்புங்கக்கா."

இணைப்பு அறுந்தது. அவள் திரும்பக் கூப்பிட்டபோது மணி போகவில்லை.

ஒன்பதாயிரம். ராமராஜன் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். இத்தனை பேர் வந்தும் ஒருவன்கூட எந்த விளம்பரத்தையும் தொடவில்லை என்பதுதான் அவருக்குக் கவலை. படத்தைச் சற்று மேலே தள்ளினால் பால்பவுடர் கண்ணில் படும் என்றார். சொல்லிக்கொண்டே மவுஸைப் பிடித்து அந்தப் பெண்மணியின் படத்தை இழுத்தார். மஞ்சள் புடவை திரையில் தரதரவென்று போனது.

அப்போதுதான் சுகாசினிக்கு ஒன்று உறைத்தது. நாற்காலிக் காலில் அதிர்வு குறைந்திருந்தது. சந்தின் கோடியில் ஒரு தறி நின்றிருந்தது. காது கொடுத்தாள். அதற்கு அடுத்த வீட்டுத் தறி நின்றது. யாரோ மிக்ஸியைப் பாதி அரைப்பில் நிறுத்தினார்கள். தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் குரல் வாக்கியத்தின் நடுவில் அணைந்தது. இன்னொரு தறி. எதிர்வீட்டு மஹாலட்சுமி தறியில் உட்கார்ந்தால் பாடுவாள், ராகமில்லாத ஒரு முணுமுணுப்பு. அதுவும் நின்றது. மேகம் இறங்கி ஜன்னல் சாம்பல் நிறமானது. கஞ்சி வாடை போய்விட்டிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு வேர்வை வாடை. ஒருவருடையது அல்ல. தேர்த் திருவிழாவில், தோளோடு தோள் நெருக்கும்போது வருகிற வாடை.

அவள் அந்தப் பக்கத்தை அழித்தாள். பட்டியலிலிருந்து மறைந்தது. மீண்டும் வந்தது. அழித்தாள். வந்தது. மூன்றாம் முறை வந்தபோது அவள் பெயர் முன்பைவிடப் பெரிய எழுத்தில் இருந்ததுபோலத் தோன்றியது. ராமராஜன் கவனிப்பதற்குள் சர்வரின் கணக்கைத் திறந்து முழுத் தளத்தையும் நிறுத்தினாள். பஸ் நேரம், மின்தடை, கோயில் நடை திறக்கும் நேரம், நாலு வருடம் அவள் எழுதிய அத்தனையும் இருண்டது.

ராமராஜன் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"யாரக் கேட்டு நிறுத்தின? நாய் மாதிரி ஒழைச்சி இப்பதான் ஜனம் வருது. நீ கதவ சாத்துற?"

"இன்னாத்த பாக்க வராங்கன்னு தெரியுதா உனக்கு?"

நாலு வருடத்தில் அவள் அவரை அண்ணா என்றும் நீங்கள் என்றும் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. நிறுத்தத் தோன்றவில்லை.

"அந்தத் தலைப்ப வெச்சது யாரு? இப்ப சொல்லு. என் முன்னாடி சொல்லு."

அவர் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"யாரு வெச்சா இன்னா? கீழ உன் பேருதான இருக்குது."

அவள் மேசையில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எறிந்தாள். சுவரில் பட்டு உருண்டது. அந்தச் சத்தம் அடங்கியபோது சந்தில் வேறு எந்தச் சத்தமும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. ராமராஜன் திரையைப் பார்த்தார். தளம் மூடியிருந்தது. மோடத்தில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது, இணைப்பே இல்லை. ஓரத்துக் கட்டத்தில் எண் பதினோராயிரம். பதினோராயிரத்து ஒன்று. பதினோராயிரத்து இரண்டு.

கணினி சிக்கிக்கொண்டது என்றார். கேபிள்காரன் ஒயரைப் பிடுங்கிவிட்டிருப்பான், கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து உன்னோடு பேசிக்கொள்கிறேன் என்றார். செருப்பைத் தேய்த்துக்கொண்டு படி இறங்கினார். பதினாறு படி. அவள் எண்ணினாள். கடைசிப் படியில் செருப்புச் சத்தம் நின்றது.

இன்னாபா, இன்னா விசேஷம் என்று அவர் யாரிடமோ கேட்டார்.

செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டி வெளியே போனது.

சுகாசினி ஜன்னலுக்குப் போனாள். போகக்கூடாது என்று தெரிந்தே போனாள்.

சந்து தெரியவில்லை. தலைகள் இருந்தன. சுவரிலிருந்து சுவர்வரை, வளைவுவரை, வளைவைத் தாண்டி மதில் ஓரம் வரை. கருட சேவை நாளில்கூட இந்தச் சந்துக்குள் இத்தனை பேர் வந்ததில்லை. கருட சேவையில் சத்தம் இருக்கும். இங்கே ஒருவர் இருமவில்லை. ஒரு குழந்தை அழவில்லை. மழைக்கு முந்திய காற்றில் புடவைத் தலைப்புகள் மட்டும் அசைந்தன. எல்லார் கையிலும் போன். எல்லார் முகத்திலும் கீழிருந்து மேலாக ஒரே நிறத்து வெளிச்சம். மஞ்சள்.

தெரியாதவர்கள் இல்லை. அதுதான். கீழ்க்கடைச் சரிகை வியாபாரி தனசேகரன், தினம் ராமராஜனோடு டீ குடிக்கிறவர். மஹாலட்சுமி, முன்மயிரில் பட்டுநூல் துணுக்கோடு. பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள். காலையில் அவள் ஸ்கூட்டிக்கு வழிவிட்டுச் சிரித்த பூக்காரர். ஒருவரும் சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை.

நடுவில் ராமராஜன். அவரைச் சுற்றி ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு மட்டும் இடம்.

அவர் திரும்பினார். படிவாசல் அடைபட்டிருந்தது. தனசேகரா, விளையாடாதே என்றார். தனசேகரன் போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது கையால் அறைந்தார்.

அந்த முகத்தில் கோபமே இல்லை. பூ தொடுக்கிறவர் முகம்போல, சில்லறை எண்ணுகிறவர் முகம்போல இருந்தது. கோபமெல்லாம் மேலே, ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தவளிடம் இருந்தது. இரண்டு வருடத்துக் கோபம். வேணும், என்று அவளுக்குள் ஏதோ சொன்னது. இன்னொன்று.

மஹாலட்சுமி அடித்தாள்.

சுகாசினியின் உடம்பில் சூடு பரவியது. இனித்தது. இன்னொன்று, என்று நினைத்தாள். பூக்காரர். வாயில், என்று நினைத்தாள். சிரித்த வாயில்.

வாயில்.

பூக்காரரின் அடி அங்கேயேதான் விழுந்தது. அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். இனி நினைக்கக் கூடாது. நினைத்தாள். ராமராஜன் முழங்காலில் விழுந்தார். நினைக்காதே. சீருடைப் பெண்களில் சின்னவள் குனிந்து ஒரு செங்கல்லை எடுத்தாள். வேண்டாம். அவள் நினைப்பு நிற்கவில்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது, யாரும் நிறுத்த முடியாத ஒரு பழைய பக்கம்போல. ராமராஜன் மேலே பார்த்தார். ரத்தம் வழியும் வாயோடு, ஜன்னலை. அவளை. அவள் பெயரைச் சொன்னாரா தெரியவில்லை. உதடு அசைந்தது.

செங்கல் உயர்ந்தது.

"அவர விடுங்க," என்று சுகாசினி கத்தினாள். "எழுதினது நானு. கேட்டப்ப வாய மூடிக்கினு இருந்ததும் நான்தான்."

செங்கல் நின்றது.

எல்லாம் நின்றது. வளைவுக்கு அந்தப்பக்கம் வரை. பிறகு முன்வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது. அடுத்தது. காற்றில் நாற்று சாய்வதுபோல வரிசை வரிசையாகத் தலைகள் நிமிர்ந்தன. கண்கள் அவளைப் பார்க்கவில்லை. கைகள் உயர்ந்தன. ஆயிரம் போன்கள் ஒரே கோணத்தில் ஜன்னலை நோக்கித் திரும்பின. மேலே வந்த அந்த வெளிச்சத்தில் அறையின் கூரை, சுவர், அவள் கைகள் எல்லாம் மஞ்சளாயின.

ராமராஜனை விட்டுவிட்டார்கள். அவரைச் சுற்றி நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். போய்விடுவார் என்று நினைத்தாள். ஓடிப்போய் யாரையாவது கூட்டி வருவார். அவர் மெல்ல எழுந்தார். ஒரு கண் மூடியிருந்தது. சட்டைப்பையைத் தடவினார். போனை எடுத்தார். அதில் தெறித்திருந்த ரத்தத்தைச் சட்டையில் துடைத்தார், கவனமாக, இரண்டு தடவை.

பிறகு மற்றவர்களோடு வரிசையில் போய் நின்று, அவரும் அதை உயர்த்திப் பிடித்தார்.